டச்சுக் கேப்டனின் சுருட்டுத் துளை

எங்கள் வீட்டு வண்டிக்கு ராகம் தெரியும். நம்பாதவர்கள் மட்டாஞ்சேரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அவர்களும் இதையேதான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் நான்தான் சொல்லியிருக்கிறேன்.

மேல்மூடியை மடக்கி வைக்கிற பழைய சீமை வண்டி அது. கொச்சியிலோ எர்ணாகுளத்திலோ திருப்பூணித்துறையிலோ எங்கள் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணம் என்றால், முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு மாட்டி, அந்த வண்டியில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முன்னே போக ஊர்வலமாக அழைத்து வருவோம். அதற்கு ஜானவாசம் என்று பெயர். நாதஸ்வரக்காரர் காம்போதி எடுத்தால் வண்டி தானாகவே முதல் கியருக்கு இறங்கிவிடும். தோடி என்றால் நின்று கேட்டுவிட்டுத்தான் நகரும். ஒரு மாப்பிள்ளை பாதி வழியில் இறங்கி ஓடப் பார்த்தான், கதவு திறக்கவில்லை. இன்று அவனுக்குப் பேரன் இருக்கிறான். கதவு மட்டும் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை, எல்லோரும் தாண்டிக் குதித்துத்தான் ஏறுகிறோம்.

என் தங்கை பிள்ளை ஸ்ரீநாத்துக்குப் பெங்களூரில் வேலை. பழைய வண்டிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு பேட்டரியும் மோட்டாரும் வைத்துக் கொடுக்கிறான். போன வருஷம் லீவில் வந்தவன் எங்கள் வண்டியையும் விட்டுவைக்கவில்லை. எஞ்சின் வெளியே போயிற்று. பின் சீட்டைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் பேட்டரிப் பெட்டியை வைத்து, அதன் மேல் தோசை மாதிரி மெல்லிசாக ஒரு புது சீட்டைப் போட்டான். ஊருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"மாமா, கழட்டின ஒரிஜினல் சாமான் ஒண்ணையும் யாருக்கும் கொடுத்துடாதீங்கோ. புதுசு எப்போ வேணும்னாலும் கிடைக்கும். இது போனா போனதாக்கும்."

என் மனைவி கமலாக்ஷியும் அதையே சொன்னாள். எஞ்சினையும் சீட்டையும் சாக்குத் துணியில் சுற்றி, கொல்லை அறையில் பச்சைக் குழந்தைகளைப் போல் படுக்கவைத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. பல் கட்டிக்கொண்டவன் விழுந்த பல்லைப் பெட்டியில் வைத்துக் கொஞ்சுவானா? எஞ்சினைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. சீட்டைத் தூக்க முடிந்தது. அவள் குருவாயூர் போயிருந்த ஒரு நாள் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு யூதத் தெருவுக்குப் போனேன். சாக்குக்குள் பழைய மெத்தை ஒன்றும் நாலைந்து தேங்காயும் சீட்டின் வடிவத்தில் படுத்துக்கொண்டன.

யூதத் தெருவில் ரமேஷ்பாபுவுக்குப் பழஞ்சாமான் கடை. அவன் அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். இவன் இங்கேயே பிறந்தவன், தமிழையும் மலையாளத்தையும் ஒரே வாயில் மெல்லுவான்.

சீட் சிவப்புத் தோல். இடது பக்கமாக, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குக் கருகிய ஓட்டை ஒன்று அதில் உண்டு. யார் சுட்டது என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ மாப்பிள்ளைகள், எத்தனையோ நடுக்கங்கள்.

"சீட்டு கொள்ளாம், நல்லா இருக்கு மாமா," என்றான் ரமேஷ்பாபு. "பட்சே ஓட்டை உண்டல்லோ."

"ஓட்டையா? அட அசடே, இந்த ஓட்டைக்காகத்தான் எங்கப்பா இதை வாங்கினார்."

"அப்படி என்ன ஓட்டை?"

எதிர்ச் சுவரில் ஒரு ஹூக்கில் அவன் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. "கேப்டன் வான் டெர் ஹூக்," என்றேன். "டச்சுக்காரன். அவன் சுருட்டு சுட்டது."

"எந்த வருஷம்?"

எதிர்க்கடையின் மூடிய ஷட்டரில் எழுதியிருந்த போன் நம்பரின் கடைசி நாலு எண்ணைப் பார்த்தேன். "ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்தொண்ணு."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். நான் அளக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அந்தத் தெருவில் வியாபாரத்துக்கு அதுதான் மரியாதை. அவன் சாயா வரவழைத்தான். நான் குடித்துவிட்டு நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த நிம்மதி, என் மகள் மாதுரிக்குக் கல்யாணம் நிச்சயமான நாள்வரைக்கும் இருந்தது.

பையன் கேசவ், மாதுரியோடு வேலை பார்க்கிறவன், திருப்பூணித்துறை. அப்பா இல்லை. அம்மா ஜெயலக்ஷ்மி டிரஷரியில் இருந்து ரிட்டயரானவர், எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே கையெழுத்து சரியில்லை என்று சொல்லிவிடுகிற பார்வை. நிச்சயம் பேச வந்தவர் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"மாமா, அந்த ஜானவாச வண்டி உங்காத்துலதானே இருக்கு?"

"இருக்கு," என்றேன். "இப்போ பேட்டரியில ஓடறது."

"அது எதுல ஓடினா எனக்கென்ன. பழைய சிவப்பு சீட்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கமலாக்ஷி முந்திக்கொண்டாள். "பத்திரமா சுத்தி வெச்சிருக்கேன். அதெல்லாம் கொடுப்போமா?"

அப்போதுதான் அந்த ஓட்டை யார் சுட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"எங்க ஜானவாசமும் இந்த வண்டியிலதான்," என்றார் ஜெயலக்ஷ்மி. "நான் நம்ம சமூக மடத்து மாடி ஜன்னல்ல நின்னு பார்த்துண்டிருக்கேன். வண்டி வரது. மாப்பிள்ளைக்குப் பின்னாலேர்ந்து புகை வரது! மனுஷன் பயத்துல யாருக்கும் தெரியாம சிகரெட் பத்த வெச்சிருக்கார். அவரோட அப்பா திரும்பிப் பார்க்கவும், அப்படியே சீட்டுல அமுக்கிட்டார். நான் ஒருத்திதான் பார்த்தேன். சிரிச்சுச் சிரிச்சு என் மையெல்லாம் கரைஞ்சு போச்சு."

அன்று வண்டியை ஓட்டியவன் நான்தான். பின்னால் புகைந்தது ஞாபகம் இருக்கிறது. நாதஸ்வரக்காரர் அவ்வளவு சூடாக வாசிக்கிறார் என்று நினைத்தேன்.

"அப்புறம் யார் கல்யாணத்துல இந்த வண்டியைப் பார்த்தாலும் அந்த ஓட்டையில சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பேன். உள்ள ஒரு ஸ்பிரிங் முனை குத்தும். அவர் போனதுக்கப்புறமும் பார்த்திருக்கேன்." அவர் குரல் மாறவில்லை, காபி டம்ளரை மட்டும் ஒரு சுற்று சுற்றினார். "மாமா, ஜானவாசத்துக்கு நான் தெருவுல இறங்கி வரமாட்டேன். யாரும் வேண்டாம்னு சொல்லலை, மாதுரி வா வான்னுதான் சண்டை போடறா. எனக்கே மனசில்லை. என் பிள்ளைக்குப் பின்னால நிக்க அப்பாவும் இல்லை. அந்த சீட்டுல அவன் ஒக்காந்துட்டா எனக்குப் போறும். அவர் இருக்கிற மாதிரி. இது ஒண்ணைத்தான் நான் கேக்கறேன்."

"வாங்கோ, காட்டறேன்," என்று கமலாக்ஷி எழுந்தாள்.

"வேண்டாம்!" என்றேன். "கொல்லை அறையில நல்ல பாம்பு குடியிருக்கு. கல்யாணம் முடியற வரைக்கும் அதைக் கலைக்கக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லியிருக்கார்."

ஜெயலக்ஷ்மி என்னை உற்றுப் பார்த்தார். "பாம்புக்கும் பத்திரிகை அடிச்சாச்சா மாமா?"

அவர்கள் ஆட்டோ தெருமுனை திரும்பியதும் மாதுரி கொல்லை அறைக்குள் போனாள். தேங்காய் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்பா, அவா வேற எதுவும் கேக்கலை."

"கொண்டு வந்துடறேன்."

"கொண்டு வரலேன்னா நானே அவாகிட்ட சொல்லிடுவேன். அவா கல்யாணத்தை நிறுத்தமாட்டா, அது எனக்குத் தெரியும். ஆனா நான் அந்தாத்துக்குப் பொய்க்காரர் பொண்ணா போய் நிக்கணும். அவா என்ன கேட்டாலும், நான் என்ன பதில் சொன்னாலும், ரெண்டு தடவை யோசிப்பா. அது வேணுமாப்பா எனக்கு?"

நான் இதுவரை யாருக்கும் தீங்கு வருகிற பொய் சொன்னதில்லை. என் பொய்களெல்லாம் ஊருக்குப் பொதுவாகக் கட்டின தண்ணீர்ப் பந்தல். அதில் என் மகள் வழுக்கி விழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே யூதத் தெருவில் நின்றேன். ரமேஷ்பாபு ஷட்டரைத் தூக்கியதும் என் கண்ணில் பட்டது என் சீட்தான். தேக்குப் பீடத்தின் மேல், சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, மேலே ஒரு விளக்கு. பக்கவாட்டுச் சட்டத்தில் பித்தளைத் தகடு ஒன்றைத் திருகி வைத்திருந்தான். இங்கிலீஷில் கொட்டை எழுத்து: கேப்டன் வான் டெர் ஹூக், 1741, பல்லக்கு ஆசனம்.

"பல்லக்கா?"

"அந்த வருஷத்துல வண்டி ஏது மாமா?"

"பல்லக்குல ஸ்பிரிங் ஏதுடா?"

"டச்சுக்காரன் டெக்னாலஜி," என்றான் கண்ணிமைக்காமல்.

"எனக்கு இது திரும்பி வேணும்."

அவன் சிரித்தான். வெளியே கைடு ஒருவர் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்களோடு வந்துகொண்டிருந்தார். நேராகச் சீட்டிடம் வந்து, என் கதையை என்னைவிட நன்றாகச் சொன்னார். கேப்டனுக்கு ஒரு காதலி, அவள் ஒரு மிளகு வியாபாரியின் மகள், பிரிவின் துக்கத்தில் சுருட்டை ஆசனத்தில் அணைத்தான். இதெல்லாம் நான் சொன்னதில்லை. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் கடைக்குள் பரவி, ஆளுக்கொரு பித்தளைப் பூட்டு வாங்கினார்கள்.

"கண்டோ?" என்றான் ரமேஷ்பாபு. "இது விக்கிற சாமான் இல்ல மாமா. ஆளைக் கூப்பிடற சாமான். இதைக் கொடுத்தா நான் ஷட்டரை இறக்கிட்டுப் போகணும்."

"டேய், அது பொய்டா! அந்த ஓட்டை எங்க சம்பந்தி திருப்பூணித்துறை அனந்தநாராயணன் சிகரெட்டால சுட்டது!"

"ஆங், ஆங். போன தடவை டச்சு, இந்தத் தடவை திருப்பூணித்துறை. மாமாவுக்கு வயசானாலும் சரக்கு தீரல."

நான் உண்மையைச் சொன்னேன், சத்தியம் செய்தேன், பகவதி மேல் ஆணையிட்டேன். நான் சத்தியம் செய்யச் செய்ய அவனுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் இந்த ஊரில் நான் சேர்த்து வைத்த பெயர் அப்படி.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாண வீட்டில் அப்பளம் இடுகிறார்கள், பந்தல் போடுகிறார்கள், மடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். எனக்கு எதைப் பார்த்தாலும் ஓட்டை தெரிந்தது. மாதுரி என்னோடு பேசினாள், ஆனால் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கமலாக்ஷி சாக்கு மூட்டையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பாம்புக்கு ஒரு கும்பிடு போட்டாள். அவளிடம் சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் போலி செய்யலாம் என்று தீர்மானித்து, பஸ் பிடித்துக் கலூருக்குப் போனேன். அங்கே பிச்சை என்று ஒருவர், தேனிக்காரர், ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் சீட் தைக்கிறவர். சிவப்பு ரெக்ஸினில் அதே அளவுக்கு அழகாக ஒன்று தைத்துக் கொடுத்தார்.

"ஐயா, இப்ப இதுல என்ன செய்யணும்?"

"ஒரு ஓட்டை போடணும்."

பிச்சை ஊசியைக் கீழே வைத்தார். "புது சீட்டுலயா?"

"சிகரெட்டால."

"ஐயா வீட்ல ஏதும் பிரச்சினையா?"

பெட்டிக்கடையில் சிகரெட் வாங்கினேன். பிறந்ததிலிருந்து நான் பிடித்ததில்லை. முதல் இழுப்பில் கலூர் ஸ்டேடியம் ஒரு சுற்று சுற்றி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. சிகரெட்டைச் சீட்டில் அமுக்கினேன். ரெக்ஸின் கருகவில்லை, உருகி, பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றத்தோடு வாயைத் திறந்தது. விரலை விட்டால் பஞ்சு மாதிரி ஃபோம். பிச்சை நிஜத் தோல் கொண்டுவந்து தைத்தார். அதையும் சுட்டோம். தோல் கருகிற்று. ஆனால் அந்த ஓட்டை நேற்றுப் பிறந்த ஓட்டை என்று ஐந்தடி தள்ளி நிற்கிறவனுக்குக்கூடத் தெரியும். டீ டிக்காஷன் தடவினோம், செருப்புப் பாலிஷ் போட்டோம், நான் அதன் மேல் ஏறி உட்கார்ந்து தேய்த்தேன்.

"ஐயா, விட்ருங்க," என்றார் பிச்சை. "ஓட்டை நான் போட்டுத் தந்துருவேன். பழைய ஓட்டைக்கு நான் எங்க போவேன்?"

திரும்பி வரும்போது என் சட்டையில் சிகரெட் நாற்றம். கமலாக்ஷி முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய், என் பங்குப் பாயசத்தில் பாதியை எடுத்துவிட்டாள். இந்த வயதில் கெட்டுப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜானவாசத்தன்று மத்தியானம். மடத்து வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. மாதுரி பட்டுப் புடவையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அவா மாடிக்கு வந்தாச்சுப்பா. ஜன்னலைத் திறந்து வெச்சிண்டு ஒக்காந்திருக்கா. நான் போய் சொல்லட்டுமா?"

"வண்டி வரட்டும். அப்புறம் சொல்லு."

எப்படி நடந்தேன் என்று தெரியாது, யூதத் தெருவில் நின்றேன். ரமேஷ்பாபு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏதாவது புதுக் கதை சொல்லி சீட்டை வாங்கிவிடலாம் என்றுதான் போனேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்குக் கதை வராமல் போனது அதுதான் முதல் தடவை. அவனுடைய பெஞ்சில் உட்கார்ந்து, மாடி ஜன்னல், புகை, கரைந்த மை, சுண்டுவிரல், ஸ்பிரிங் முனை, எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொன்னேன். நடுவில் என் மூக்கு ஒழுகிற்று. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ரமேஷ்பாபு கையை நக்காமல் காயவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும் எழுந்து, சீட்டிடம் போய், சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டான். "குத்துது," என்றான்.

"நான்தான் சொன்னேனே."

"மாமா, இது டச்சுக் கதையைவிட நல்லா இருக்கு."

"கதை இல்லைடா!"

"அழுகையெல்லாம் சேர்த்துச் சொன்னீங்கல்லோ, அதுதான் பெர்ஃபெக்ட்." அவன் கண்ணை மூடி யோசித்தான். "சரி, இன்னிக்குச் சாயங்காலத்துக்குத் தரேன். மாப்பிள்ளை இதுல உக்காந்து வர்ற போட்டோ எனக்கு வேணும், இந்தத் தகடும் தெரியணும். டச்சுக் கேப்டன் சீட்டுல கல்யாண மாப்பிள்ளை! அந்தப் போட்டோவைக் கடையில மாட்டினா தெருவே இங்க வரும். தகடைக் கழட்டக் கூடாது. சம்மதமோ?"

அவன் கேட்டிருந்தால் என் காதைக் கழற்றியும் கொடுத்திருப்பேன்.

மிளகு மூட்டை தூக்குகிற கைவண்டியில் சீட்டை ஏற்றிக்கொண்டு ஓடி வந்தோம். கலூரிலிருந்து பிச்சையும் தன் போலி சீட்டோடு வந்திருந்தார், ஒருவேளை தேவைப்படும் என்று. மூன்று பேருமாகப் பழைய சீட்டை அதன் பழைய இடத்தில் இறக்கினோம்.

இறங்கவில்லை.

அதன் பழைய இடத்தில்தான் பேட்டரிப் பெட்டி இருந்ததே. சீட்டின் ஸ்பிரிங் சட்டம் பெட்டியின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. சீட்டைப் பிடித்து வைத்த போல்ட் துளைகளை ஸ்ரீநாத் அழகாக அடைத்து பெயிண்ட் அடித்திருந்தான். அவனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, பெட்டியை எடுத்தா வண்டி நகராது."

"பழைய சீட்டு உள்ள போகமாட்டேங்கிறதுடா."

"அதுக்குத்தான் பத்திரமா வையுங்கோன்னு சொன்னேன். திருப்பி மாட்டணும்னா எல்லாத்தையும் பழையபடி மாத்தணும். ஒரு மாசம் வேணும். ஏன், ஜானவாசம் எப்போ?"

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார். நான் போனை வைத்தேன்.

"ஐயா, உள்ள போகலேன்னா மேல வைப்போம்," என்றார் பிச்சை.

மடக்கிய மூடியின் மேல், வண்டியின் முதுகில் சீட்டைத் தூக்கி வைத்தோம். வைக்கோல் பாரம் கட்டுகிற முடிச்சில் பிச்சை கயிறு கட்டினார். கயிறு போதாமல் என் அங்கவஸ்திரமும் போயிற்று. தகட்டை மறைக்க நான் ஒரு மல்லிகைச் சரத்தை அதன் மேல் சுற்றினேன், ரமேஷ்பாபு பார்க்காதபோது. மாப்பிள்ளை கேசவ் கோட்டும் மாலையுமாக வந்து நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, ஏணி இருக்கா?"

"தங்கமான பிள்ளை நீ," என்றேன். வேறென்ன சொல்ல?

ஊர்வலம் கிளம்பியது. நான் ஓட்டினேன். எங்கள் தெருக்களில் மின்சாரக் கம்பிகள் தாழ்வாகத் தொங்கும். தேர் வருகிற நாளில் செய்கிறாற்போல் ஒருவன் மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே போனான். மாப்பிள்ளை ஒவ்வொரு கம்பிக்கும் குனிந்து குனிந்து நிமிர்ந்தான். ஊரே தன்னைக் கும்பிடுவதாக அவன் நினைத்தான், ஊர் அவன்தான் தங்களைக் கும்பிடுகிறான் என்று நினைத்துப் பதிலுக்குக் கும்பிட்டது. இரு பக்கத்துக்கும் மரியாதை குறையவில்லை. வெயிட்டெல்லாம் பின்னால் ஏறிவிட்டதால் முன் சக்கரங்கள் அடிக்கடி தரையை மறந்துவிட்டன. அப்போதெல்லாம் வண்டி எனக்கு அடங்காமல் நாதஸ்வரக்காரர் போகிற திசையிலேயே போயிற்று. பேட்டரி வைத்த பிறகும் அதற்கு ராகம் மறக்கவில்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

மடத்துக்கு முன்னால் கடைசிக் கம்பி. கழிக்காரன் தூக்கினான், கம்பி வழுக்கி, கழியின் நுனி மல்லிகைச் சரத்தில் மாட்டியது. சரம் அறுந்து நாதஸ்வரக்காரர் கழுத்தில் விழுந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். வண்டி மடத்து வாசலில் நின்றது.

எங்கள் மடத்தின் மாடி தாழ்ந்த மாடி. வழக்கமாக மாப்பிள்ளையை அங்கிருந்து எட்டிக் குனிந்துதான் பார்க்க முடியும். அன்றைக்கு மாப்பிள்ளை ஜன்னலுக்கு நேர் எதிரே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தான். ஜன்னலில் ஜெயலக்ஷ்மி. பக்கத்தில் மாதுரி. அவர்கள் இருவருக்கும் நேரே, சாயங்கால வெயிலில் பளபளவென்று, பித்தளைத் தகடு.

ஜெயலக்ஷ்மி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். டிரஷரியில் பில் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தேன். மாதுரியின் முகத்தில் ரத்தமில்லை.

"அம்மா," என்றாள். "நான் சொல்லிடறேன். எங்கப்பா இதை—"

"இரு," என்றார் ஜெயலக்ஷ்மி.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அவர் கை வெளியே வந்தது. வளையல் இல்லாத கை. மகனின் தோளை ஒரு தடவை தொட்டது. பிறகு கீழே இறங்கி, தேடாமல், பழகின வீட்டில் விளக்கு ஸ்விட்சைத் தொடுகிறாற்போல், நேராக அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரல் போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாதஸ்வரக்காரர் என்ன நினைத்தாரோ, வாசிப்பதை நிறுத்திவிட்டார். கேசவ் அசையவில்லை.

எனக்கு அப்போது ஒரே ஒரு வேண்டுதல்தான். வண்டி நகர்ந்துவிடக் கூடாது.

"மாமா!" என்று மேலிருந்து குரல் வந்தது.

"சொல்லுங்கோ."

"இதுல எங்காத்துக்காரர் பேரைத் தப்பா எழுதியிருக்காளே?"

என் கால் பிரேக்கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

"அவர் கேப்டன் இல்லை," என்றார் ஜெயலக்ஷ்மி, விரலை எடுக்காமல். "துறைமுகத்துல கிளார்க். வருஷமும் தப்பு. பார்க்கறதுக்கு அவ்வளவு கிழவராவா இருந்தார்?"

முதலில் சிரித்தது மாதுரி. சிரித்தாளா அழுதாளா என்று கீழேயிருந்து எனக்குத் தெரியவில்லை, ஜெயலக்ஷ்மியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டுவிட்டாள். அவளுக்கு மை கரைந்ததை மட்டும் பார்த்தேன். நாதஸ்வரக்காரர் காம்போதி எடுத்தார்.

கல்யாணம் ஆனதும் சீட்டை வாக்குக் கொடுத்தபடி கடைக்கே திருப்பிவிட்டேன். "உங்களுக்கே வாங்கித் தரேன்" என்று ஜெயலக்ஷ்மியிடம் கெஞ்சிப் பார்த்தேன். "ஆத்துல வெச்சா தூசி தட்டணும் மாமா. அங்கேயே இருக்கட்டும், விளக்கெல்லாம் போட்டு வெச்சிருக்கான்," என்றுவிட்டார். கமலாக்ஷி இப்போது எஞ்சினுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள், சாவி அவள் தாலிச் சரட்டில்.

ஜெயலக்ஷ்மி வெள்ளிக்கிழமைதோறும் திருப்பூணித்துறையிலிருந்து பஸ் ஏறி வருகிறார். ரமேஷ்பாபு சிவப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, சாயா கொடுத்து, அவரை அந்த சீட்டில் உட்காரவைக்கிறான். தகட்டை அவன் மாற்றவில்லை. கைடு வெள்ளைக்காரர்களோடு வந்தால், ரமேஷ்பாபு குரலைத் தாழ்த்தி, இவர்தான் கேப்டனின் மனைவி என்கிறான். அவர்கள் ஒவ்வொருவராக வந்து கையைக் குலுக்கி, வருத்தம் தெரிவித்துவிட்டுப் போகிறார்கள்.

அவர் மறுப்பதில்லை. "ரொம்ப நல்ல மனுஷன்," என்கிறார். "சிகரெட்தான் கொஞ்சம் ஜாஸ்தி."